பெயர் தொலைந்த ஆசிட்: கொருக்குப்பேட்டை ஷெட் ஒன்றில் நடந்த விரல் காயம்

விடியற்காலை 5 மணிக்கு ஃபோன் அடித்தது. எங்கள் பகுதியில் எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஃபேப்ரிகேஷன் ஷெட் வைத்திருப்பவர். மணலியில் ஓர் ஆலையின் பாதுகாப்புப் பிரிவில் நான் 28 வருடம் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகும் இப்படி யாராவது கூப்பிடுவது உண்டு. தீயணைப்பான் எங்கே நிரப்புவது, வெல்டிங் கண்ணாடி எந்த நம்பர் வாங்குவது என்ற மாதிரிக் கேள்விகளாக இருக்கும். அன்றைக்கு அவர் குரலே வேறு மாதிரி இருந்தது.

"சார், நம்ம ஹெல்ப்பர் பையனுக்கு ராத்திரி பூரா விரல்ல வலி. துடிக்கிறான். பார்த்தா ஒண்ணுமே தெரியல, லேசா செவந்திருக்கு, அவ்ளோதான். டாக்டர்கிட்ட காட்டி ஊசியும் போட்டாச்சு. வலி நிக்க மாட்டேங்குது."

"நேத்து என்ன வேலை செஞ்சாரு?"

"டேங்க் உள்ளே ஆசிட் அடிச்சான் சார்."

"என்ன ஆசிட்?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம், "எஸ்.எஸ். ஆசிட் சார்," என்றார்.

எஸ்.எஸ். ஆசிட் என்று ஓர் அமிலம் உலகத்தில் கிடையாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேல் பூசுவதால் கடைக்காரரும் பட்டறைக்காரரும் சேர்ந்து வைத்துக்கொண்ட பெயர் அது. உள்ளே இருப்பது நைட்ரிக்காக இருக்கலாம், ஹைட்ரோகுளோரிக்காக இருக்கலாம், இரண்டும் இல்லாத மூன்றாவதாகவும் இருக்கலாம். அந்த மூன்றாவதை நினைத்ததும் எனக்குத் தூக்கம் மொத்தமாகக் கலைந்துவிட்டது.

"இப்பவே ஷெட்டுக்குப் போய் அந்தக் கேன்ல என்ன எழுதியிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றேன். பத்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டார். கேனில் கறுப்பு மார்க்கரில் இரண்டே எழுத்து, எஸ்.எஸ். வேறு ஒன்றும் இல்லை. சரி, நேற்று பிரஷ்ஷை எதில் முக்கி எடுத்தார்கள் என்று கேட்டேன். டீ கிளாஸில் என்றார். அந்தக் கிளாஸை எடுத்து டார்ச் அடித்துப் பாருங்கள் என்றேன்.

"சார், கிளாஸ் உள்பக்கம் பூரா மங்கலா இருக்கு. பனி மூடின மாதிரி. தேய்ச்சாலும் போகல."

பட்டறையில் புழங்கும் அமிலங்களில் கண்ணாடியைத் தின்பது ஒன்றுதான். ஹைட்ரோஃப்ளூரிக். அந்தப் பையனைக் காலத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க உதவியது எந்தச் சோதனைச் சாலையும் இல்லை, அந்த டீ கிளாஸ்தான்.

நடந்ததை விவரமாக எழுதும்படி ஷெட் உரிமையாளரும் அந்தத் தம்பியும் கேட்டுக்கொண்டார்கள். யார் பெயரையும் போடவில்லை. இதே கேன் இன்னும் எத்தனையோ ஷெட்டுகளில் மூலையில் நிற்கிறது என்பதால் எழுதுகிறேன்.

ஷெட்டும் வேலையும்

கொருக்குப்பேட்டையில் சரக்கு ரயில் பாதைக்குப் பக்கத்துத் தெரு. தகரக் கூரை, முன்பக்கம் ஒரு ஷட்டர், பின்பக்கம் ஒரே ஒரு சின்ன ஜன்னல். உரிமையாளரையும் சேர்த்து 7 பேர். ஓட்டல் கிச்சன் மேசைகள், சிங்க், காசிமேட்டுக்காரர்கள் கேட்கும் ஐஸ் பெட்டிகள், அவ்வப்போது டேங்க். எல்லாம் 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். டங்ஸ்டன் முனை டார்ச்சால் பற்றவைக்கும் டிக் வெல்டிங்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை வெல்டு செய்தால் பற்று ஓரத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு கறை படியும். பார்க்க அசிங்கம் என்பதற்காக மட்டும் அதை எடுப்பதில்லை. 304ல் சுமார் 18 சதவீதம் குரோமியம் இருக்கிறது. அந்தக் குரோமியம் மேலே கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடு தோலாகப் படிந்திருப்பதால்தான் துரு ஏறுவதில்லை. வெல்டிங் சூட்டில் அந்த இடத்துக் குரோமியம் கறைக்குள் போய்விடும். கறைக்கு நேர் கீழே இருக்கும் மெல்லிய அடுக்கு குரோமியம் குறைந்து பலவீனமாகிவிடும். அப்படியே விட்டால் துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். அதுவும் காசிமேட்டு உப்புக்காற்றில் வைக்கும் ஐஸ் பெட்டி என்றால் சொல்லவே வேண்டாம். கறையையும் அந்த அடுக்கையும் சேர்த்துக் கரைத்து எடுப்பதற்குத்தான் பிக்ளிங். அதற்கான பேஸ்ட்டில் நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமும் கலந்திருக்கும்.

இந்த ஷெட்டில் வழக்கமாக டப்பாவில் வரும் பேஸ்ட்டைத்தான் வாங்குவார்கள். டப்பாவில் மண்டை ஓடு படம், சிவப்புக் கட்டம், எச்சரிக்கை எல்லாம் இருக்கும். கூழாக இருப்பதால் பூசிய இடத்திலேயே நிற்கும், வழியாது. அந்த வாரம் பேஸ்ட் தீர்ந்துவிட்டது. ஒரு 500 லிட்டர் டேங்க் சனிக்கிழமை டெலிவரி. மூத்த ஃபிட்டர் பாரிமுனைப் பக்கம் வேறு வேலையாகப் போனவர், ஒரு கெமிக்கல் கடையில் "எஸ்.எஸ். வெல்டிங் கறை போக என்ன இருக்கு" என்று கேட்டு, 5 லிட்டர் கேனில் திரவமாக வாங்கி வந்தார். பேஸ்ட்டை விட மலிவு.

வெள்ளிக்கிழமை மதியம் முதல் சனிக்கிழமை காலை வரை

போன வருடம் மே மாதம். ஹெல்ப்பருக்கு 22 வயது, வீடு காசிமேட்டில். டிக் வெல்டிங் கற்றுக்கொள்ள வேண்டும் என்றே இந்த ஷெட்டுக்கு வந்தவர். பேஸ்ட் பூசிப் பழக்கம் உண்டு.

மதியம் 3 மணி வாக்கில் கேனிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஆசிட்டைப் பிடித்துக்கொண்டார்கள். "பாதிக்குப் பாதி தண்ணி சேர்த்துக்கோ, பேஸ்ட் மாதிரிதான்" என்று ஃபிட்டர் சொல்லியிருக்கிறார். தம்பி பாட்டிலிலிருந்த ஆசிட் மேல் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். பாட்டில் லேசாகச் சூடானது அவருக்கு நினைவிருக்கிறது. எப்போதும் தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக. வீரியம் அதிகமான ஆசிட்டாக இருந்தால் அங்கேயே கொதித்து முகத்தில் தெறித்திருக்கும். அப்புறம் அதில் கொஞ்சத்தை டீ கிளாஸில் ஊற்றிக்கொண்டு, டேங்க்கின் மேன்ஹோல் வழியாக இடுப்பு வரை உள்ளே குனிந்து வேலையைத் தொடங்கினார். வலது கையில் பிரஷ். இடது கையில் வழியும் ஆசிட்டைத் துடைக்கக் காட்டன் வேஸ்ட். கையில் கொரோனா காலத்தில் வாங்கி மீந்துபோன மெல்லிய சர்ஜிகல் கையுறை.

3.40 மணி அளவில் இடது கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் ஈரம் பட்டிருக்கிறது. வெல்டிங் பொறி ஒட்டிக்கிடந்த இடத்தில் உரசிக் கையுறை கிழிந்திருக்கிறது. "தண்ணி மாதிரிதான் சார் இருந்துச்சு. எரியவே இல்ல. எரிஞ்சிருந்தா அப்பவே ஓடியிருப்பேன்," என்று பிறகு என்னிடம் சொன்னார். ஒரு மக் தண்ணீரில் விரலை அலசிவிட்டு, வேறு ஒரு கையுறை மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்துவிட்டார். நகத்தடியில் தங்கியிருந்த ஆசிட்டுக்கு அந்தப் புதுக் கையுறை மூடி போட்ட மாதிரி ஆகிவிட்டது. நடுவில் பழுப்பாகப் புகை வந்து இருமல் எடுத்ததால் இரண்டு முறை வெளியே வந்திருக்கிறார். அதற்கு நன்றி சொல்ல வேண்டும். நைட்ரிக் இரும்போடு சேரும்போது கிளம்பும் அந்தப் பழுப்புப் புகையை மூடிய டேங்க்குக்குள் கொஞ்ச நேரம் சுவாசித்தாலே, ஒரு நாள் கழித்துக்கூட நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம்.

5.30க்கு வேலை முடிந்தது. வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டார். 9.30 மணிக்கு விரல் நுனி விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. நள்ளிரவில் அழுதிருக்கிறார். 22 வயதுப் பையன் அம்மா மடியில் கையை வைத்துக்கொண்டு அழுதார் என்று அந்தத் தாய் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. தேங்காய் எண்ணெய் தடவினார்கள், ஐஸ் வைத்தார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி வெற்றிலைச் சுண்ணாம்பு வைக்கச் சொன்னார். நல்ல வேளை வைக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

ராத்திரி ஒரு மணிக்கு, பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்குப் போனார்கள். ஆசிட் பட்டது என்று சொல்லியிருக்கிறார்கள், என்ன ஆசிட் என்று கேட்டதற்குத் தெரியவில்லை என்றிருக்கிறார்கள். விரலில் கொப்புளம் கூட இல்லை. வலிக்கு ஓர் ஊசி, தீக்காயக் களிம்பு, காலையில் வாருங்கள். அந்த டாக்டரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கையில் கொடுக்கப்பட்டது சிவந்த ஒரு விரலும் "தெரியல" என்ற ஒரு சொல்லும்தான்.

எனக்கு ஃபோன் வந்தது 5 மணிக்கு. கிளாஸ் மங்கியது தெரிந்ததும், கேனையும் கிளாஸையும் பையில் போட்டுக்கொண்டு பையனை நேராக ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வரச் சொன்னேன். கையுறையோடு எடுங்கள், கேன் மூடியை இறுக்குங்கள் என்றும் சொன்னேன். இவ்வளவு நேரம் கழித்துக் கழுவுவதில் பெரிய பயன் இல்லைதான், ஆனாலும் நகத்தடியில் ஏதாவது மிச்சம் இருக்கலாம் என்று கிளம்பும்வரை குழாயடியில் விரலைப் பிடிக்கச் சொன்னேன். 6.15க்கு உள்ளே போனார்கள். ஆசிட் பட்டு 14 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

வலி ஏன் தாமதமாக வந்தது

கந்தக அமிலமோ நைட்ரிக்கோ பட்டால் தோல் அந்த நிமிடமே எரியும். எரிவதால் கையை உதறுகிறோம், தண்ணீரைத் தேடி ஓடுகிறோம். வலிதான் நம்மைக் காப்பாற்றுகிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது மக்கள் வீட்டைவிட்டு ஓடியதும் அப்படித்தான். தூங்குகிறவரைக் கூட எழுப்பிவிடும் நெடி அது. வடசென்னையில் இருக்கும் நமக்கு ரசாயனம் என்றால் நெடி, கண் எரிச்சல், தொண்டைக் கமறல். அவை இல்லாவிட்டால் ஆபத்து இல்லை என்றே உடம்பு பழகியிருக்கிறது.

ஹைட்ரோஃப்ளூரிக் அந்தப் பழக்கத்துக்கு வெளியே நிற்கிறது. வேதியியல் கணக்குப்படி அது வலுக்குறைந்த அமிலம். தண்ணீரில் முழுதாகப் பிரியாது. ஆபத்தும் அங்கேதான். பிரியாத சிறு மூலக்கூறாகவே தோலின் கொழுப்பு அடுக்கைத் தாண்டி உள்ளே இறங்கிவிடும். உள்ளே போன பிறகு ஃப்ளூரைடாகப் பிரிந்து, திசுக்களில் இருக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும். கால்சியம் பறிபோன இடத்தில் நரம்பு கத்த ஆரம்பிக்கும், திசு சாகும், எலும்பு வரைக்கும் போகும்.

திரவத்தில் இந்த அமிலம் 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால் உடனே வலிக்கும். 20 முதல் 50 வரை என்றால் ஒரு மணி முதல் 8 மணி நேரம் கழித்து வலிக்கலாம். 20க்குக் கீழே இருந்தால் 24 மணி நேரம் வரை கூட ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். பட்டறைகளில் புழங்குவது பெரும்பாலும் இந்தக் கடைசி வகைதான். மதியம் பட்டது இரவு வலிக்கும். இரண்டையும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றாது. "குளிர் காலமா, பித்தமா, ஏதோ பூச்சி கடிச்சதா" என்றுதான் வீட்டில் பேசிக்கொள்வார்கள்.

விரல் நுனியோடு போனது இந்தத் தம்பியின் அதிர்ஷ்டம். விரல்களோடு சேர்த்து நம் உள்ளங்கை, உடம்பின் மொத்தப் பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதம். வீரியமான ஹைட்ரோஃப்ளூரிக் இரண்டரை சதவீதப் பரப்பில், அதாவது இரண்டரை உள்ளங்கை அளவு இடத்தில் பட்டதற்கே உயிர் போயிருக்கிறது. ரத்தத்தில் கால்சியம் சரிந்தால் இதயத் துடிப்பு தடம் மாறும். அதனால்தான் ஒரு விரல் காயத்துக்கு இசிஜி எடுத்தார்கள். வெளியே நின்றிருந்த ஃபிட்டர், "விரலுக்கு எதுக்கு சார் ஹார்ட்டைப் பார்க்கறாங்க?" என்று என்னிடம் கேட்டார். அவருக்கு இதையெல்லாம் சொல்லச் சொல்ல, அவர் முகம் வெளுத்துக்கொண்டே போனது. அந்தப் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தவர் அவர்.

மருத்துவமனையில்

ஓல்டு ஜெயில் ரோட்டில் இருக்கும் ஸ்டான்லியில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனித் துறை உண்டு. பிரஸ்ஸில் நசுங்கிய விரல், லேத்தில் சிக்கிய கை என்று வடசென்னைத் தொழிலாளர்களின் கைகள் தலைமுறை தலைமுறையாக அங்கேதான் போகின்றன. கேனையும் கிளாஸையும் காட்டி ஹைட்ரோஃப்ளூரிக் என்று சந்தேகப்படுகிறோம் என்று சொன்னதும் வேலை வேகமாக நடந்தது.

மருந்து கால்சியம் குளுக்கோனேட். ஃப்ளூரைடு உடம்பின் கால்சியத்தைத் திருடுவதற்கு முன்னால், வெளியிலிருந்து கால்சியத்தைக் கொடுத்துவிடுவது. 2.5 சதவீத ஜெல்லாகத் தடவுவார்கள். 10 சதவீத ஊசி மருந்து எல்லா மருத்துவமனைகளிலும் இருக்கும் சாதாரண மருந்து. அதில் 10 மில்லியை, நீரில் கரையும் லூப்ரிகேட்டிங் ஜெல்லி 30 மில்லியோடு கலந்தால் இந்த ஜெல் கிடைத்துவிடும். அதை ஒரு சர்ஜிகல் கையுறைக்குள் நிரப்பி, தம்பியின் கையை உள்ளே விட்டுவிட்டார்கள். கையுறை முதல் நாள் செய்த கெடுதலுக்கு அன்றைக்குப் பரிகாரம் செய்தது. ஆள்காட்டி விரல் வலி ஒரு மணி நேரத்துக்குள் அடங்கியது. நடுவிரலில் அடங்கவில்லை. நகத்தடியில் ஜெல் இறங்காது. அதனால் அந்த நகத்தை எடுத்துவிட்டு, சின்ன அளவில் ஊசியாகவும் மருந்தைச் செலுத்தினார்கள்.

வலி எங்கே, எவ்வளவு என்பதை வைத்துத்தான் மருந்து போதுமா என்று பார்க்கிறார்கள். வலி நின்றால் ஃப்ளூரைடு கட்டுப்பட்டது என்று பொருள். அதனால் மரத்துப்போகும் ஊசியை முதலில் போட்டுவிட்டால் வழிகாட்டியே போய்விடும்.

சுண்ணாம்பு வைக்கச் சொன்ன பாட்டியைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். சுண்ணாம்பு கால்சியம்தான். அந்த அம்மாளின் கைவைத்தியம் சரியான பொருளுக்குப் பக்கத்தில் வரை போயிருக்கிறது, எனக்கு அது ஆச்சரியம். ஆனால் சுண்ணாம்பு காரம் மிகுந்தது. புண்பட்ட தோலை அதுவே சுடும், உள்ளே இறங்கி ஃப்ளூரைடைப் பிடிக்கவும் செய்யாது. தரையில் சிந்திய ஹைட்ரோஃப்ளூரிக்குக்குத்தான் சுண்ணாம்பு. தோலுக்குக் கூடாது. ஜெல்லும் தோலுக்கு மட்டும்தான், கண்ணில் வைக்கக் கூடாது. கண்ணில் தெறித்தால் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவமனை.

நான்கு நாள் வார்டில் இருந்தார்.

பெயர் எங்கே தொலைந்தது

திங்கட்கிழமை நானும் உரிமையாளரும் பாரிமுனைக் கடைக்குப் போனோம். சண்டை போட இல்லை. என்ன விற்றார் என்று தெரிய வேண்டியிருந்தது. கடைக்காரர் முதலில் தயங்கினார். அப்புறம் உள்ளே கூட்டிப்போய், ஊற்றிக் கொடுத்த பெரிய கேனைக் காட்டினார். அதில் எல்லாம் இருந்தது. உலக நாடுகள் ஒரே மாதிரியாக வைத்துக்கொண்ட சிவப்புக் கட்டப் படங்கள், அரித்துப்போகும் கையின் படம், மண்டை ஓடு, இரண்டு அமிலங்களின் பெயர், சதவீதம். ஹைட்ரோஃப்ளூரிக் 10க்கும் கீழே, மீதி நைட்ரிக்கும் தண்ணீரும். கேட்டதும் அந்த ரசாயனத்தின் பாதுகாப்புத் தகவல் தாளும் வந்தது. 16 பிரிவு கொண்ட தாள். நான்காவது பிரிவு முதலுதவி. அதில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. பையன் மூன்றரை மைல் தள்ளி அழுதுகொண்டிருந்த இரவில் அந்தத் தாள் கடை மேசை டிராயரில் கிடந்திருக்கிறது.

பெரிய கேனில் முழுப் பெயர். அதிலிருந்து 5 லிட்டர் கேனுக்கு ஊற்றியபோது பெயர் இரண்டு எழுத்தாகச் சுருங்கியது. தண்ணீர் பாட்டிலுக்கு ஊற்றியபோது அந்த இரண்டு எழுத்தும் போனது, பாட்டிலில் மிஞ்சியது ஒரு குடிநீர் கம்பெனியின் பெயர். டீ கிளாஸுக்கு வந்தபோது அதுவும் இல்லை. மூன்று முறை கை மாறியதில் ஆசிட் ஒரு சொட்டு குறையவில்லை, பெயர் மட்டும் ஒவ்வொரு கையிலும் சிந்திக்கொண்டே வந்திருக்கிறது. கையுறை சரியில்லை, தண்ணீர் வசதி இல்லை, காற்றோட்டம் இல்லை, எல்லாம் உண்மை. ஆனால் இது ஹைட்ரோஃப்ளூரிக் என்று அந்த ஃபிட்டருக்குத் தெரிந்திருந்தால் வெறும் சர்ஜிகல் கையுறையோடு அவனை அனுப்பியிருக்க மாட்டார். அந்த டாக்டருக்குத் தெரிந்திருந்தால் ஒரு மணிக்கே கால்சியம் போயிருக்கும். மற்ற எல்லாத் தவறுகளும் பெயர் தொலைந்த பிறகு வரிசையாக வந்தவை.

போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, 1987ல், தொழிற்சாலைகள் சட்டத்தில் புதிதாக ஓர் அத்தியாயமே சேர்த்தார்கள். என்ன ரசாயனம், அதில் என்ன ஆபத்து, பட்டால் என்ன செய்வது என்பதைத் தொழிலாளிக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்றது அதன் 41பி பிரிவு. அருமையான பிரிவு. ஆனால் மின்சாரம் வைத்து வேலை செய்யும் இடம் தொழிற்சாலை என்று கணக்கில் வர 10 பேராவது வேண்டும் என்றது அதே சட்டம். 7 பேர் ஷெட்டில் ஆசிட் அதே ஆசிட்தான், விரலும் அதே விரல்தான்.

அலமாரி

தம்பி வார்டில் இருந்த நாட்களில் ஷெட் அலமாரியை முழுக்க இறக்கினோம். பெயரில்லாத பாட்டில்கள் மட்டும் 11. தின்னர் ஒன்று, கட்டிங் ஆயில் இரண்டு, கூலண்ட், மூன்றில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அவற்றை முகர்ந்து பார்க்கக் கிளம்பிய பையனைத் தடுத்தேன்.

நைட்ரிக் கேனுக்குப் பக்கத்திலேயே எண்ணெய் ஊறிய காட்டன் வேஸ்ட் மூட்டை. நைட்ரிக் அதன்மேல் சிந்தினால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். சிந்திய ஆசிட்டை மரத்தூள் போட்டு அள்ளும் பழக்கமும் இதே காரணத்துக்காகக் கூடாது. ஹைட்ரோஃப்ளூரிக் என்றால் மணலும் கூடாது, மணலும் கண்ணாடியும் ஒரே இனம், வினை புரிந்து விஷ வாயு வரும். சுண்ணாம்புத் தூள் ஒரு பக்கெட் மூடி வைத்தால் போதும். தரை கழுவ வைத்திருந்த ப்ளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் ஒரே தட்டில் இருந்தன. இரண்டும் சேர்ந்தால் குளோரின். டிக் மேசைக்கு அடியில் ஒரு பிரேக் கிளீனர் ஸ்ப்ரே. குளோரின் கலந்த அந்த வகை ஸ்ப்ரே அடித்த பாகத்தைக் காயவிடாமல் வெல்டு வைத்தால் ஃபாஸ்ஜீன் உண்டாகலாம், முதல் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பயன்படுத்திய வாயு. இத்தனையும் ஆறடி அகல அலமாரிக்குள்.

என்ன மாற்றினார்கள்

முதல் வேலையாகத் தண்ணீர் பாட்டிலைத் தடை செய்தார்கள். குடிக்கிற தண்ணீர் இப்போது ஷட்டருக்கு வெளியே, எவர்சில்வர் குடத்தில். டீ கிளாஸ் வேலையிடத்துக்குள் வரக் கூடாது. பிரஷ் முக்க வாயகன்ற பிளாஸ்டிக் டப்பா. ஹைட்ரோஃப்ளூரிக்கைக் கண்ணாடியிலும் வைக்கக் கூடாது, இரும்பிலும் வைக்கக் கூடாது.

ஊற்றுகிற ஒவ்வொரு டப்பாவிலும் தமிழில் மூன்று வரி: என்ன, என்ன செய்யும், பட்டால் முதலில் என்ன செய்வது. மார்க்கர் எழுத்தை ஆசிட் ஒரே வாரத்தில் அழித்துவிடுகிறது, அதனால் எழுதி மேலே அகலமான செல்லோ டேப் ஒட்டுகிறார்கள். பேஸ்ட் டப்பாவில் இருப்பது இது: "ஹைட்ரோஃப்ளூரிக் இருக்கிறது. உடனே வலிக்காது, எலும்பு வரை போகும். கழுவு, ஜெல் தடவு, ஆஸ்பத்திரிக்குப் போ." இந்த வரிகளை எழுதியவர் ஃபிட்டர். நான் எழுதித் தந்திருந்த இரண்டு பத்தியை அவர் மடித்து பையில் வைத்துக்கொண்டு, இதை எழுதினார். அவருடையதுதான் நன்றாக இருந்தது.

சட்டைப் பையில் வைக்கிற மாதிரி ஓர் அட்டையும் அடித்தோம். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் ஆங்கிலம். இவருக்கு ஹைட்ரோஃப்ளூரிக் பட்டிருக்கிறது, தோலில் ஒன்றும் தெரியாவிட்டாலும் கால்சியம் குளுக்கோனேட் வேண்டும், இசிஜி எடுங்கள் என்று. பிக்ளிங் செய்கிறவர் அதோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும், ஏனென்றால் வலி வருவது வீட்டில்தான். ஜெல் டியூப் முதலுதவிப் பெட்டியில் இருக்கிறது, காலாவதித் தேதி பெட்டியின் வெளியே பெரிதாக எழுதியிருக்கிறது. ஜெல் கையில் இருந்தால் 5 நிமிடம் கழுவிவிட்டு அதைத் தடவத் தொடங்கலாம். தடவுகிறவரும் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும்.

கழுவுவது என்று சொல்கிறோமே, அதற்குத் தண்ணீர் வேண்டாமா? இந்த ஷெட்டில் இருந்தது லாரித் தண்ணீர் பிடித்து வைக்கும் 200 லிட்டர் நீல டிரம் ஒன்றும் ஒரு மக்கும். மதியம் 3 மணிக்கு அது பாதி காலி. அவசர ஷவருக்கு அமெரிக்கத் தரநிலை நிமிடத்துக்கு ஏறத்தாழ 76 லிட்டர் வீதம் 15 நிமிடம் கேட்கிறது, 1,100 லிட்டருக்கு மேல். கொருக்குப்பேட்டையில் அதற்கு எங்கே போவது? கை, முகம், கண்ணுக்காவது உறுதியாக இருக்கட்டும் என்று கணக்குப் போட்டோம். நிமிடத்துக்கு 20 லிட்டர், 15 நிமிடம், 300 லிட்டர். 500 லிட்டர் டேங்க் ஒன்றை ஸ்டாண்டில் ஏற்றி, ஓரங்குலக் குழாய் இறக்கி, கண்ணை மூடிக்கொண்டும் இழுக்கிற மாதிரி சங்கிலி வால்வு போட்டார்கள். மே மாத வெயிலில் அந்தத் தண்ணீர் கை வைக்க முடியாமல் கொதித்ததை இரண்டாம் நாளே பார்த்தோம். அதற்கு மேல் கீற்றுப் பந்தல் போட்டாயிற்று. அந்த டேங்க்கில் வேறு எதற்கும் தண்ணீர் எடுப்பதில்லை என்று உரிமையாளர் சொல்கிறார். நான் போகிறபோதெல்லாம் மூடியைத் திறந்து பார்க்கிறேன். ஒரு முறை பாதிதான் இருந்தது.

கையுறை நியோபிரீனில், முழங்கை வரை. மாட்டும் முன் வாய்ப்பக்கத்தைச் சுருட்டிக் காற்றை அடைத்து அமுக்கிப் பார்க்கிறார்கள், ஓட்டை இருந்தால் உஸ் என்று தெரிந்துவிடும். உள்ளே ஈரம் பட்டால் வேறு கையுறை மாட்டுவது கிடையாது, நேராகக் குழாயடிதான். முகக் கவசம், ரப்பர் ஏப்ரன் சேர்ந்தன. டேங்க் உட்புறம் என்றால் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் பிளோயர் ஓடாமல் யாரும் குனியக் கூடாது, வெளியே ஒருவர் நிற்க வேண்டும்.

ஹைட்ரோஃப்ளூரிக்கே இல்லாமல் செய்ய முடியுமா என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. மேசை, சிங்க், ஐஸ் பெட்டி எல்லாவற்றுக்கும் மின்சாரம் பாயும் பிரஷ் வைத்துக் கறை எடுக்கும் மெஷின் போதும். அதில் ஓடும் திரவம் பெரும்பாலும் பாஸ்பாரிக் அமிலம், அதையும் கையுறையோடுதான் தொட வேண்டும், ஆனால் எலும்பைத் தேடிப் போகாது. உரிமையாளர் கடன் வாங்கி ஒன்று வாங்கிவிட்டார். டேங்க் உட்புறம் கேட்கும் வாடிக்கையாளருக்கு மட்டும் இன்னும் பேஸ்ட், அதுவும் டப்பாவில் வருவதுதான்.

கழுவிய தண்ணீர் முன்பு எங்கே போனது என்று கேட்டேன். சாக்கடைக்கு. அங்கிருந்து பக்கிங்காம் கால்வாய்க்கு. இப்போது டிரம்மில் பிடித்துச் சுண்ணாம்பு போடுகிறார்கள், ஃப்ளூரைடு அடியில் படிந்துவிடும். படிகிற சேற்றில் குரோமியமும் நிக்கலும் இருக்கிறது, குப்பையில் போட முடியாது. கும்மிடிப்பூண்டியில் இருக்கும் அபாயகரக் கழிவு மையத்துக்கு ஒரு ஷெட்டின் அரை டிரம் சேற்றை எடுத்துப்போக வண்டி வராது. அக்கம்பக்கத்து நான்கைந்து ஷெட்டுகள் சேர்ந்து அனுப்பலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். பேச்சு இன்னும் முடியவில்லை, டிரம் ஷெட்டில்தான் நிற்கிறது. அதன் மேலும் பெயர் எழுதியிருக்கிறது.

தம்பி

நகம் வளர ஆறு மாதம் ஆனது. நடுவிரல் நுனிச் சதை கொஞ்சம் சூம்பிவிட்டது, அந்த நுனியில் தொடு உணர்வு பாதிதான். ஆள்காட்டி விரல் சரியாகிவிட்டது. மருத்துவச் செலவையும் வேலைக்கு வராத நாட்களின் கூலியையும் உரிமையாளர் கொடுத்தார்.

டிக் வெல்டிங்கில் வலது கையில் டார்ச், இடது கையில் ஃபில்லர் ராடு, அதாவது பற்றில் உருக்கிச் சேர்க்கும் கம்பி. ராடை விரல் நுனியால் மில்லிமீட்டர் கணக்கில் தள்ளிக்கொண்டே போக வேண்டும். உணர்வு குறைந்த விரலுக்கு ராடு எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை, உருகுகிற இடத்தில் முட்டி ஒட்டிக்கொண்டது. இரண்டு மாதம் முயன்றுவிட்டு விட்டுவிடப் பார்த்தார். ஃபிட்டர்தான் விடவில்லை. கையை மாற்றிப் பிடி என்றார். இப்போது தம்பி இடது கையில் டார்ச், வலது கையில் ராடு. ஃபிட்டர் எதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியில் தெரிகிற மாதிரி தன் கைகளை மாற்றிக் காட்டிச் சொல்லிக் கொடுக்கிறார். போன வாரம் போனபோது ஓர் ஐஸ் பெட்டியின் மூலைப் பற்று முழுக்க அவர் வைத்தது என்று காட்டினார்கள். பாதி வரை கோணலாகப் போய், அப்புறம் நேராகியிருந்தது.